துறைவாரி ரேங்கிங்கா, வேலைவாய்ப்பு அறிக்கையா?

அமெரிக்காவில் இளங்கலை பிசினஸ் படிக்கப் போகிறவர்கள் யு.எஸ். நியூஸ் என்ற ஊடக நிறுவனத்தின் துறைவாரி ரேங்கிங்கைப் பார்த்து, ஃபைனான்ஸில் 8, அக்கவுண்டிங்கில் 14 என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த எண் எப்படி வருகிறது? டீன்களும் மூத்த பேராசிரியர்களும் அந்தத் துறைக்கு நல்லது என்று நினைக்கும் மற்ற கல்லூரிகளின் பெயரைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். சம்பளம், வேலை எதுவும் இதில் சேராது. வேறு மாநிலக் கல்லூரியில் தணிக்கைப் பாடம் எப்படி நடக்கிறது என்று ஒரு டீனுக்கு என்ன தெரியும்? பழைய பேர்தான் ஓடும்.

படித்து முடித்தவர்களிடம் வேலை, சம்பளம் கேட்டுக் கல்லூரியே வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையும் சொக்கத் தங்கம் இல்லை, சராசரிச் சம்பளத்தைப் பார்த்ததும் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று அடிக்குறிப்பில் தேட வேண்டும், பாதிப் பேர் வாயே திறக்கவில்லை என்றால் அந்தச் சராசரி வெறும் அலங்காரம். ஆனாலும் மேஜர் (முதன்மைப் பாடம்) வாரியாகப் பிரித்து, எந்த நிறுவனங்கள் வேலைக்கு எடுத்தன என்று போட்டிருந்தால் என் ஓட்டு அதற்கே. சப்ளை செயின் மாதிரி துறைகளில் தெரியாத கல்லூரிகளைக் கண்டுபிடிக்க ரேங்கிங் உதவும், சரி.