அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு ஏழு மாதம் அலைந்தோம்

பிரிட்டனில் மருத்துவராகப் பதிவு வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது உங்கள் எம்.பி.பி.எஸ். சான்றிதழின் அசலைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். தஞ்சாவூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் இரும்பு அலமாரியில் ஏழு மாதம் அது கிடந்தது.

ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடிந்த கையோடு மாசியில் அங்கே போனோம். கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லுக்கான பணம் அப்போதுதான் அப்பாவின் கணக்குக்கு வந்திருந்தது. அது போதாமல் அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து மூன்றரை லட்சம் கட்டினோம். “இனி எல்லாம் எங்கள் பொறுப்பு ஐயா, டாக்டரம்மா படித்தால் போதும்” என்றார் அங்கிருந்தவர். நீடாமங்கலத்துக்கு பஸ்ஸில் திரும்பும்போது அப்பா முகத்தில் தெரிந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பிரிட்டனில் பதிவு பெற ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7.5, நான்கு பிரிவிலும் 7-க்குக் குறையாமல் கேட்கிறார்கள். அதை ஏற்கெனவே வாங்கியிருந்தேன். அந்த மதிப்பெண் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும் என்பதால் வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் அங்கே பதிவு பெற எழுதும் பிளாப்பின் முதல் தேர்வுக்கு உடனே தேதி எடுக்கச் சொன்னேன். சென்னை மையத்தில் தங்களுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதாகவும், அவசரம் வேண்டாம் என்றும் சொன்னார்கள். முழுப் பொய். மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள் கொண்ட அந்தத் தேர்வுக்கு, பிரிட்டனின் மருத்துவக் கவுன்சிலான ஜிஎம்சியின் இணையதளத்தில் நம் பெயரில் நாமே கணக்குத் தொடங்கி நாமே பதிவு செய்துகொள்ளலாம். மான்செஸ்டரில் நடக்கும் இரண்டாம் கட்டச் செய்முறைத் தேர்வுக்கும் அப்படித்தான்.

பெரிய கேடு பெயரில் வந்தது. நம் பக்கத்தில் பலருக்கும் உள்ள சிக்கல்தான்: பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. சான்றிதழைச் சரிபார்க்கும் எபிக் சேவையில் அவர்கள் தங்கள் மின்னஞ்சலை வைத்துக் கணக்குத் தொடங்கி, அப்பாவின் பெயரை என் பெயராகப் போட்டுவிட்டார்கள். சரிபார்ப்பு நின்றுவிட்டது. அந்தத் தகவலும் அவர்கள் மின்னஞ்சலுக்கே போனதால் நான்கு மாதம் எனக்குத் தெரியாது. கூடப் படித்த தோழி சொல்லித்தான் புரிந்தது: எபிக்குக்கு ஸ்கேன் எடுத்த நகலை ஏற்றினால் போதும், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்திடம் எபிக்காரர்களே நேரடியாகக் கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு அசல் எதற்கு? நாம் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடாமல் இருப்பதற்கு.

கேட்டபோது அதுதான் நடந்தது. இன்னும் ஒரு லட்சம் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். குறுவை அறுப்பு நேரத்தில் வயலை விட்டுவிட்டு அப்பா மூன்று முறை வந்து அந்த வாசலில் நின்றார். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்த மறுநாளே சான்றிதழ்கள் கைக்கு வந்தன. பணம் வரவில்லை.

உத்தரவாதமான வேலை என்று அவர்கள் காட்டியதும் வேலையே அல்ல. ஒரு மருத்துவமனையில் சில வாரங்கள் சம்பளமில்லாமல் உடனிருந்து பார்ப்பது. பிளாப் இரண்டும் தேறிய சீனியர்களே அங்கே வேலைக்கு மாதக்கணக்கில் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

இப்போது நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். பாதிப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்கிறார்கள். ரசீதில் “ஆலோசனைக் கட்டணம்” என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். தேர்வுத் தேதி, ஒதுக்கீடு, வேலை என்று அவர்கள் வாக்குக் கொடுத்ததற்கு எங்களிடம் இருக்கும் சாட்சி அப்பாவின் போனில் உள்ள வாட்ஸ்அப் குரல் பதிவுகள்தான். இதே இடத்தில் பணம் கட்டியவர்கள் அவற்றை அழித்துவிடாதீர்கள்.