"இன்ஜின் போச்சு" என்று சொன்னால் கம்ப்ரஷன் எண்ணைக் கேளுங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் ஷோரூமோடு சேர்ந்த சர்வீஸ் சென்டரில் வண்டியை விடுகிறவர்கள், இதைக் கடைசிவரை படியுங்கள். இன்ஜினில் எந்தக் குறையும் இல்லாத என் காரை "இன்ஜின் முடிஞ்சிடுச்சு" என்று சொல்லி, குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டு ஒரு புது வண்டியை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். உண்மையில் பழுதானது, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி உண்டாக்க மின்சாரம் கொடுக்கும், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு இக்னிஷன் காயில்.

என்னுடையது 13 வருடப் பழைய பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர். ஆயிலும் ஃபில்டரும் நேரத்துக்கு மாற்றி ஓட்டி வந்த வண்டி. திடீரென்று ஐடிலில் உதற ஆரம்பித்தது. ஏற்றத்தில் இழுவை இல்லை. அழுத்தி மிதித்தால் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிந்தது. சர்வீஸ் சென்டரில் விட்டேன். இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஸ்பார்க் பிளக் கிளீனிங், கார்பன் எடுக்கும் வேலை என்று நீளமாக ஒரு பில் வந்தது. கட்டினேன். வண்டி அதே மாதிரிதான் உதறியது.

மறுபடி கொண்டுபோனபோதுதான் தீர்ப்பு வந்தது. "கம்ப்ரஷனே இல்லை மேடம். ரிங் போயிருக்கு. இன்ஜினை இறக்கணும்." கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும்போது உண்டாகும் அழுத்தம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்தால் அது கசிந்துவிடும். கையில் கொடுத்த எஸ்டிமேட் அந்தக் காரை விற்றால் வரக்கூடிய தொகையை விட அதிகம். "இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு பண்றது வேஸ்ட்" என்று அவரே சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் ஷோரூம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்துவிட்டார். எக்ஸ்சேஞ்ச் போனஸ் மாதக் கடைசி வரைதான், இன்றைக்கே புக் செய்தால் நல்லது என்றார். நான் யோசிக்க நேரம் கேட்டதும், "வீட்ல சாரைக் கூட்டிட்டு வாங்களேன், அவருக்கு விளக்கிச் சொல்றோம்" என்றார்கள். வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவதும் நான்தான். அந்தப் பேச்சை இன்னமும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எனக்குச் சந்தேகம் வரக் காரணம் இருந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் ஆயில் எரியும், சைலன்சரில் நீலப் புகை வரும், டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு இறங்கிக்கொண்டே போகும். என் வண்டியில் புகையும் இல்லை, ஆயிலும் குறையவில்லை. அதனால் ஒரே கேள்விதான் கேட்டேன்: எந்த சிலிண்டரில் எவ்வளவு கம்ப்ரஷன் வந்தது? ஜாப் கார்டில் ஒரு எண்கூட இல்லை. "எங்க டெக்னீஷியன் செக் பண்ணிட்டார்" என்ற பதில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. டெஸ்ட் செய்ததற்கு என்று தனியாக ஒரு தொகையும் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார்கள்.

வண்டியை அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போகவில்லை, டோ செய்துதான் எடுத்தேன். இது எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம். இன்ஜின் லைட் நிலையாக எரிவது வேறு, விட்டு விட்டு எரிவது வேறு. விட்டு விட்டு எரிந்தால் பெரும்பாலும் கடுமையாக மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். அப்போது எரியாத பெட்ரோல் நேராக, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிவிடலாம். காயிலோடு முடியவேண்டிய செலவு அங்கே பல மடங்காகிவிடும். முந்தைய தடவை வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, லைட் இப்படி எரிந்தால் ஓட்டாதீர்கள் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏமாற்றியதை விட எனக்கு இதுதான் பெரிய குற்றமாகப் படுகிறது.

தனியாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் வண்டி போனது. பானட்டைத் திறந்தவர் எதையும் தொடவில்லை. "முதல்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க மேடம்" என்றார். காயில்களைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றி வருடக்கணக்கில் படிந்த தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலையாமல் அப்படியே இருந்தன. அந்த வண்டியில் காயிலைக் கழற்றாமல் ஸ்பார்க் பிளக்கை எடுக்க முடியாது. பிளக்கை எடுக்காமல் அந்தத் துளையில் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டி கம்ப்ரஷன் பார்க்கவும் முடியாது. ஆக, பில்லில் காசு வாங்கிய பிளக் கிளீனிங்கும் நடக்கவில்லை, "இன்ஜின் போச்சு" என்று சொல்ல ஆதாரமான டெஸ்ட்டும் நடக்கவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்ட்டை வைத்து சிலிண்டர்களை ஒப்பிடும் ஒரு முறையும் உண்டு, அதற்குப் பிளக்கைக் கழற்ற வேண்டாம். ஆனால் அதிலும் ஒரு வரைபடம் வரும். அப்படி எதையும் யாரும் எனக்குக் காட்டவில்லை.

பிறகு காரின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். பி0303 (P0303) என்று பழுதுக் கோடு (code) வந்தது. பி0300 என்றால் பொதுவாக மிஸ் அடிக்கிறது. பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண் எந்த சிலிண்டர் என்று சொல்லும். அவர் மூன்றாவது சிலிண்டரின் காயிலை முதல் சிலிண்டருக்கும், முதலாவதை மூன்றாவதுக்கும் மாற்றி மாட்டினார். கோடை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். இப்போது பி0301. காயில் போன இடத்துக்குப் பழுதும் கூடவே போனது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள எந்த வண்டியிலும் இதைச் செய்து பார்க்கலாம். புதிதாக எந்தப் பார்ட்டும் வாங்கத் தேவையில்லை. கோடு அதே சிலிண்டரில் நின்றிருந்தால் அடுத்து பிளக், இன்ஜெக்டர், அதன்பிறகுதான் கம்ப்ரஷன் என்று போக வேண்டும். இன்ஜினை இறக்குவது கடைசிக்கும் கடைசி.

புதுக் காயிலும் நான்கு பிளக்குகளும் போட்டார். உதறல் நின்றது. அதோடு விடாமல் கம்ப்ரஷனையும் பார்த்துச் சொல்லச் சொன்னேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது, எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராமல் நிறுத்தி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரை ஓடவிட்டுப் பார்க்கிற டெஸ்ட் அது. நான்கிலும் 165க்கும் 175க்கும் இடையில்தான் பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) இருந்தது. சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும். தயாரிப்பாளர் கொடுத்த குறைந்தபட்ச அளவைத் தாண்டியிருக்கிறதா என்பதும், சிலிண்டர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கிறதா என்பதும்தான் கேள்வி. ஒன்றில் மட்டும் குறைவாக வந்தால்கூட உடனே ரிங் என்று சொல்லிவிட முடியாது. அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. வால்வு என்றால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்கிற வேலையாக முடியலாம், முழு இன்ஜினையும் இறக்க வேண்டியிருக்காது.

அவர்கள் வீசிய இன்னொரு வாதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாக யோசிக்கிறவர்கள்கூட அதில் விழுந்துவிடுகிறார்கள். "ரிப்பேர் செலவு வண்டியோட மதிப்பைத் தாண்டிடுச்சு, இனி செலவு பண்ணாதீங்க." கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் வண்டியை விற்கப் போவதில்லையே, ஓட்டப் போகிறேன். அப்படியானால் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது பழைய வண்டிக்கு ஒரு வருடத்தில் ஆகிற ரிப்பேரையும், புது வண்டிக்கு ஒரு வருடத்தில் ஆகிற மதிப்பிழப்பு, வட்டி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும். புது வண்டியின் மதிப்பு மிக வேகமாக இறங்குவது முதல் சில வருடங்களில்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், நல்ல நிலையில் இருக்கும் பழைய வண்டிக்கு நடுவே ஒரு பெரிய ரிப்பேர் வந்தாலும், வைத்துக்கொள்வதுதான் பல நேரங்களில் மலிவு.

அவர்கள் காட்டிய கடன் விவரத்தில் மாதத் தவணை பெரிய எழுத்தில் இருந்தது, மொத்தம் எவ்வளவு கட்டுவோம் என்பது இல்லை. வட்டி 8 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். அது ஃபிளாட் ரேட், அதாவது கடன் முடியும்வரை முதலில் வாங்கிய முழு அசலுக்கும் போடுகிற வட்டி. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கில் பார்த்தால், ஐந்து வருடக் கடனுக்கு அது சுமார் 14 சதவீதம். எந்தக் கடனிலும் முதலில் கேட்க வேண்டியது இது ஃபிளாட்டா, குறையும் நிலுவைக்கா என்பதைத்தான்.

எல்லாப் பழைய வண்டியையும் கட்டி அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சேஸிஸிலோ சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களிலோ துரு அரித்துவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது. பார்ட்ஸ் கிடைக்காமல் போனாலும் அப்படித்தான். ஏர்பேக், ஏபிஎஸ் எதுவுமே இல்லாத வண்டியில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர் புது வண்டி வாங்கினால் அதில் முழு நியாயம் இருக்கிறது. வைத்துக்கொள்கிறவர்கள் டைமிங் பெல்ட் இருக்கும் வண்டியில் அதைக் கெடு தாண்ட விடாதீர்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், அப்போது இன்ஜின் நிஜமாகவே போகும். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

போட்டோக்கள், புது கம்ப்ரஷன் ரிப்போர்ட், அவர்களுடைய பில் எல்லாவற்றையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுத்தேன். மேனேஜர் போன் செய்து, அடுத்த சர்வீஸ் இலவசம் என்றார். எனக்கு இலவசம் வேண்டாம், செய்யாத வேலைக்கு வாங்கிய பணம் வேண்டும் என்றேன். பிளக் கிளீனிங் தொகையும் டெஸ்ட் தொகையும் திரும்பி வந்தன. ரிங் போயிருக்கிறது என்று யார், எதை வைத்துச் சொன்னார் என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

இப்படி ஒரு எஸ்டிமேட்டை இப்போது கையில் வைத்திருப்பவர்கள், இன்ஜினைப் பிரிக்க எக்காரணம் கொண்டும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். பிரித்துப் போட்டுவிட்டால் வேறு மெக்கானிக் சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது, வண்டியும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள், ஸ்கேனரில் வந்த கோடையும் சேர்த்து. மாற்றிய பார்ட்டை எல்லாம் திருப்பிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், வண்டியை அப்படியே டோ செய்து வெளியே எடுங்கள்.