டீப்கூல் ஏகே400: யாழ்ப்பாணத்து வெக்கைக்குப் போதுமா?

ஏகே400 என்பது கணினியின் மூளையான புரொசெசரின் சூட்டைத் தணிக்கும் காற்றுக் கூலர். 65 வாட் வகுப்புப் புரொசெசருக்குப் போதும். ஆனால் பெட்டியில் இருந்து எடுத்துப் பூட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், கொடுத்த காசில் பாதி வீண்.

120 மி.மீ. ஃபான் ஒன்று, 6 மி.மீ. செப்புக் குழாய்கள் நான்கு, உயரம் 155 மி.மீ. ஃபான் நிமிடத்துக்கு 500 முதல் 1850 சுற்று வரை ஓடும். 220 வாட் வரை தாங்கும் என்கிறது நிறுவனம். அந்த இலக்கத்தைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். 65 வாட் வகுப்பைச் சேர்ந்த இன்டெல் புரொசெசர் ஐ5-12400 உச்சத்தில் எடுப்பது 117 வாட். அதை இந்தக் கூலர் அலட்டாமல் பார்த்துக்கொள்ளும். 253 வாட் வரை போகும் ஐ7-13700கே வைத்திருப்பவர்கள் தகட்டு அடுக்கு இரண்டு உள்ள இரட்டைக் கோபுரக் கூலர் பக்கம் போகலாம்.

வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்பநிலைக் கணக்கை அப்படியே எடுக்கவேண்டாம். அவை பெரும்பாலும் 20–25 பாகை அறையில் அளந்தவை. சாதாரணக் காற்றுக் கூலரோ தண்ணிக் கூலரோ அறைக்காற்றை விடக் கீழே இறக்காது. அறை ஒரு பாகை ஏறினால் புரொசெசரும் ஏறக்குறைய ஒரு பாகை ஏறும். அங்கே 22 பாகை அறையில் 66 காட்டுவது, ஏசி இல்லாத 33 பாகை அறையில் 77 காட்டும். 12400 இன் எல்லை 100 பாகை என்பதால் 77க்குப் பயப்படத் தேவையில்லை. தண்ணிக் கூலரும் இதே புழுக்கத்தில்தான் ஆறவேண்டும் என்பதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள்.

வாங்க முதல் கேசிங்கை அளவுங்கள். மதர்போர்ட்டில் (சுருக்கமாக போர்ட்) இருந்து பக்கக் கதவு வரை 160 மி.மீ. ஆவது வேணும், மலிவான சின்னக் கேசிங்குகள் பலவற்றில் கதவு மூடாது. இன்டெல் போர்ட் என்றால் கூலரைத் தாங்கும் பின்தகடு போர்ட்டின் பின்னால் இருந்து வரவேண்டும். கேசிங்கில் அதற்கு வெட்டு இல்லாவிட்டால் போர்ட்டையே கழற்றத்தான் வேணும். ஏஎம்டி புரொசெசர்களுக்கான ஏஎம்4 போர்ட்டில் பழைய கூலரை நேரே இழுக்காதீர்கள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, இடம் வலமாகத் திருகி எடுங்கள். இல்லையேல் இடையில் பூசிய வெப்பப் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதோடு புரொசெசரும் பிடுங்கிக்கொண்டு வந்து கால்கள் வளையலாம். அடித்தகட்டில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரிக்க மறக்கவேண்டாம். ஆணி இரண்டையும் மாறி மாறி, இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஃபான் வயரை சிபியு_ஃபான் என்று எழுதிய நான்கு முள் இணைப்பிலேயே செருகவேண்டும். வேறு இடத்தில் செருகினால் பல போர்ட்கள் ஃபான் இல்லை என்று நினைத்து, ஒவ்வொரு முறை போடும்போதும் பிழை காட்டி நிற்கும்.

இனி உண்மையான விஷயம், சத்தம். 'புதுக் கூலர் போட்டும் ஏறி ஏறி இறங்குது' என்று முறையிடுபவர்கள் போர்ட்டின் அமைப்புகள் இருக்கும் பயோசைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். எந்த வெப்பத்தில் ஃபான் எவ்வளவு வேகம் ஓடவேண்டும் என்று சொல்வது ஃபான் வளைவு. போர்ட்டில் வரும் வளைவு குளிர் அறைக்குப் போட்டது. 40 பாகையைத் தாண்டினால் வேகம் ஏறத் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் அறையில் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே புரொசெசர் 42, 45 இல் நிற்கும். பிரவுசரைத் திறந்த நொடியில் பத்துப் பாகை துள்ளும், ஃபானும் கூடவே துள்ளும். கூலரில் பழுது ஒன்றுமில்லை.

வளைவை மாற்றும் இடம் பயோசில் ஆசுஸ் போர்ட்டில் கியூ-ஃபான், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபான், எம்எஸ்ஐயில் ஹார்ட்வேர் மானிட்டர். முதலில் முறையை 'ஆட்டோ'வில் இருந்து 'பிடபிள்யூஎம்' (நான்கு முள் ஃபானுக்கான வேகக் கட்டுப்பாடு) ஆக மாற்றுங்கள். பிறகு புள்ளிகள்: 50 பாகை வரை 35 சதவீதம், 65 இல் 50, 78 இல் 70, 88 இல் 100. வேகம் ஏறுவதற்கான தாமதம் என்று ஒரு தெரிவு இருந்தால் அதைச் சில நொடிகள் கூட்டுங்கள். நொடிநேரத் துள்ளலை ஃபான் கவனிக்காமல் விட்டுவிடும், சத்தம் ஒரே சீராகும். 35 சதவீதத்தில் சுற்று ஏறக்குறைய 650. போர்ட்டின் கீழ் எல்லை 600 என்று இருந்தால் சில நேரம் ஃபான் பிழை காட்டும், அதை 200 ஆக்கிவிடலாம். சரிபார்க்க, வெப்பநிலை காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்து, புரொசெசரை முழுதாக வேலைவாங்கும் வீடியோ ரெண்டர் ஒன்றை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். 90ஐத் தாண்டினால் வளைவைத் தொடாமல், கேசிங்கின் பின் ஃபான் காற்றை வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள்.

சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் யன்னலோரக் கணினிக்குள் புழுதி இறங்கும். கரையோரமென்றால் உப்பீரமும் சேர்ந்து தகடுகளில் அப்பிப் பிடிக்கும். அந்தக் காலத்தில் இரண்டு மாதத்துக்கொருமுறை ஃபானைக் கழற்றிப் பெயின்ட் பிரஷால் தட்டுங்கள். ஊதுகுழலால் அடிப்பதென்றால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவேணும்.

எல்லாம் சரிசெய்து வருடம் கழித்து ஒருநாள் பழைய இரைச்சல் திரும்பி, மணிக்கூடும் பிழைத்திருந்தால் கூலரைக் குறைசொல்லாமல் போர்ட்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரியை மாற்றுங்கள். அது செத்தால் போர்ட் பழைய வளைவுக்கே திரும்பிவிடலாம்; அதனால் வளைவைப் போட்ட அன்றே பயோஸ் புரொஃபைலை, அதாவது நீங்கள் போட்ட அமைப்புகளை, ஒரு பென்டிரைவில் சேமித்து வையுங்கள்.