செராமிக் கிளிப்பா, மெட்டலா, அலைனரா? தினமும் குழம்பு சாப்பிடுகிறவர்களுக்காக

பல்லை வரிசைப்படுத்தப் போடுகிற செராமிக் கிளிப் மஞ்சளாகிவிடும் என்று சொல்லித்தான் பலரும் பயமுறுத்துகிறார்கள். பல்லில் ஒட்டியிருக்கும் குட்டித் துண்டான பிராக்கெட், அலுமினா என்கிற பீங்கான் வகையால் ஆனது; அதில் கறை ஊறாது. மஞ்சளாவது, பிராக்கெட்டையும் கம்பியையும் சேர்த்துப் பிடிக்கிற குட்டி ரப்பர் வளையம். இது புரிந்த பிறகுதான் நான் செராமிக் போட்டுக்கொண்டேன், இப்போதும் என் வாயில் அதுதான் இருக்கிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

மெட்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலை குறைவு, எளிதில் உடையாது. விழுந்து புரண்டு விளையாடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். தினமும் நாலு பேர் முன்னால் நின்று பேசுகிற வேலையில் இருப்பவர்கள்தான் மற்ற இரண்டையும் யோசிக்கிறோம்.

அலைனர் என்பது பல்லின் மேல் மாட்டுகிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறை. அதைக் கழற்றி மாட்டலாம். அதுதான் அதன் வசதி, சிக்கலும் அதுதான். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் அது பல்லில் இருந்தால்தான் பல் நகரும். காலையில் காபி, பதினோரு மணிக்கு டீ, சாயங்காலம் வடை என்று ஓடும் நாளில், ஒவ்வொரு முறையும் கழற்றி, சாப்பிட்டு, பல் தேய்த்துத் திரும்ப மாட்ட வேண்டும். மாட்டியபடியே சூடாகக் காபி குடித்தால் கறை ஏறும், வளைந்துபோகவும் வாய்ப்புண்டு. நான் அதைப் போட்டதில்லை. என் அக்கா மகள் போட்டிருக்கிறாள். டப்பாவும் பிரஷ்ஷும் இல்லாமல் அவள் வெளியே கிளம்புவதே இல்லை. அவளுக்குப் பல் நன்றாக வரிசைக்கு வருகிறது. அந்த ஒழுங்கு எனக்கு வராது.

சரி, ரப்பருக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை செராமிக் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது இது ஒன்றுதான். மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெய் மிதக்கும் வத்தக்குழம்பும் மீன் குழம்பும் அந்த நிறத்தை நேராக வளையத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. வளையம் பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் வகை, ஈரத்தோடு நிறத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் எவ்வளவு கொப்பளித்தாலும் போவதில்லை. வேட்டியில் பட்ட குழம்புக் கறையை வெயிலில் காயப்போட்டால் வெளிறிவிடும். வாய்க்குள் வெயில் ஏது? டாக்டர் வளையம் மாற்றுவது பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. அதுவரை அதே மஞ்சளோடுதான் சிரிக்க வேண்டும்.

"கலர் இல்லாத ரப்பர் போடலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அதுதான்மா முதல்ல மஞ்சளாகும். நீங்க வீட்டுச் சாப்பாடுதானே? ஸ்டீல் கம்பியால கட்டிடலாம்" என்றார்.

மெல்லிய ஸ்டீல் கம்பியை பிராக்கெட்டின் ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கைகளுக்கு அடியில் சுற்றி, இடுக்கியால் முறுக்கி, மிச்சத்தை வெட்டிவிட்டு, நுனியை வளைத்துப் பெரிய கம்பிக்குக் கீழே செருகிவிடுகிறார். ஒவ்வொரு பல்லுக்கும் இப்படி. ரப்பர் மாட்டுவதைவிட நேரம் பிடிக்கும். முறுக்கு அதிகமானால் செராமிக் இறக்கை உடையக்கூடும் என்பதால் பழகிய கை வேண்டும். எப்போதாவது ஒரு நுனி வெளியே வந்து கன்னத்தைக் குத்தும். அப்போது மெழுகு வைத்துச் சமாளித்துவிட்டு கிளினிக்குக்குப் போக வேண்டியதுதான். பக்கத்தில் வந்து பார்த்தால் வெள்ளிக்கோடு தெரியும். ஆனால் மஞ்சள் ஏறாது, நான் எந்தக் குழம்பையும் விடவில்லை. இடைவெளியை மூடும் கட்டத்தில் பவர் செயின் என்கிற ரப்பர் சங்கிலி போட்டால் மட்டும் தப்பிக்க வழியில்லை, அது கறையாகத்தான் செய்யும். அந்த மாதங்களில் வீட்டில் கல்யாணம் காதுகுத்து இருந்தால், முந்தின நாள் சங்கிலி மாற்றுகிற மாதிரி அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்.

கம்பியும் வெள்ளையாக வேண்டும் என்று பூச்சு பூசிய வயர் கேட்பவர்கள் உண்டு. நாளாக ஆக அந்தப் பூச்சு அங்கங்கே உரிந்து திட்டுத்திட்டாகத் தெரியும். அதற்குச் சாதாரணக் கம்பியே மேல். ரப்பரே தேவைப்படாமல் மூடி போட்டுக் கம்பியைப் பிடிக்கும் செல்ஃப் லைகேட்டிங் செராமிக்கும் இருக்கிறது, விலை இன்னும் கூடும். கையில் பணம் இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். என் அனுபவம் ஸ்டீல் கட்டோடு நிற்கிறது.

பராமரிப்பில் பாதி எல்லாக் கிளிப்புக்கும் பொது: மென்மையான பிரஷ், பிராக்கெட்டைச் சுற்றித் தேய்க்க இடைப்பல் பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட். ஓரங்களில் அழுக்கு தங்கினால் கிளிப் கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டு நிற்கும். முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், நல்லி எலும்பு கடிப்பதை எல்லாருமே நிறுத்த வேண்டும். செராமிக்காரர்கள் கண்டிப்பாக நிறுத்த வேண்டும், அது வளையாது, நொறுங்கும். பல்லை வெளுப்பாக்கும் பேஸ்ட்டும் வேண்டாம். பிராக்கெட்டுக்கு அடியில் அது படாது, கழற்றிய பிறகு நிறம் வேறுபட்டுத் தெரியலாம்.

இன்னொன்றும் கேளுங்கள். பல்லின் எனாமலைவிட செராமிக் கடினம். மேல்வரிசை கீழ்வரிசையை ஆழமாக மூடுகிற கடி இருந்தால், கீழே ஒட்டிய செராமிக் மேல்பல்லின் முனையைத் தேய்த்துவிடும். எனக்கு அந்தக் கடிதான். அதனால் மேலே செராமிக், கீழே மெட்டல் என்று டாக்டர் போட்டுவிட்டார். பேசும்போது கீழ்வரிசை அவ்வளவாகத் தெரிவதில்லை, செலவிலும் கொஞ்சம் மிச்சம்.