விறைத்துப்போன தோலுக்கு டர்க்கி ரெட் ஆயில்

அலமாரியில் வருஷக்கணக்கில் கிடந்து வளைக்கவே பயமாக இருக்கிற பெல்ட், பை வார், கருவி உறை இப்படி ஏதாவது வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். உள்ளுக்குள் காய்ந்துபோன தோலை இளக்குவதற்கு, நான் போட்டுப் பார்த்த எண்ணெய்களிலும் க்ரீம்களிலும் டர்க்கி ரெட் ஆயில்தான் முதலிடம். பளபளப்பும் மழையிலிருந்து பாதுகாப்பும் வேண்டுமென்றால் இதை வாங்காதீர்கள், அது இதன் வேலையே இல்லை.

இது அடிப்படையில் நம் விளக்கெண்ணெய்தான். விளக்கெண்ணெயைக் கந்தக அமிலத்தோடு சூடேறாமல் பக்குவமாகக் கலந்து, மிச்ச அமிலத்தைக் கழுவிவிட்டு, காரம் சேர்த்துச் சமன்படுத்தினால் இது கிடைக்கும். 1870களிலேயே துணிச் சாயத் தொழிலுக்கு வந்துவிட்ட பழைய சரக்கு. விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம், அதில் கந்தக அமிலம் வந்து ஒட்டிக்கொள்ள வசதியாக ஒரு ஹைட்ராக்சில் தொகுதி ஏற்கெனவே இருக்கிறது. அங்கே சல்பேட் ஒட்டியதும் எண்ணெயின் குணமே மாறிவிடுகிறது: தண்ணீரைக் கண்டால் விலகி மிதந்த எண்ணெய், இப்போது தண்ணீரோடு சேர்ந்து கலங்கி நிற்கும். நமக்கு வேண்டியது அந்த ஒரு மாற்றம்தான்.

ஏன் என்றால், தோல் விறைப்பதற்குக் காரணம் வெறும் எண்ணெய்க் குறை மட்டும் இல்லை. தோல் முழுக்கக் கொலாஜன் நார்கள். நனைந்த தோல் காயும்போது நார்களுக்கு நடுவில் இருந்த தண்ணீர் போகப் போக, அவை ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டுவதற்கு முன்பே நடுவில் எண்ணெய் போய் உட்கார்ந்திருந்தால் நார்கள் வழுக்கிக்கொண்டு நகரும், தோலும் மடங்கும். தோல் பதனிடும் இடங்களில் ஃபேட்லிக்கர் போடுவது இதற்குத்தான். பதனிட்ட ஈரத் தோலை டிரம்மில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த சல்பேட் எண்ணெயோடு சுற்றவிட்டு, கடைசியில் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அமிலம் பட்டதும் கலவை உடைந்து எண்ணெய் நாரிலேயே தங்கிவிடும்.

சரி, பச்சை விளக்கெண்ணெயையே தேய்த்தால் என்ன? இரண்டையும் ஒரே தோல் துண்டின் இரண்டு முனைகளில் போட்டு, நன்றாகக் காயவிட்டு, குறுக்கே வெட்டிப் பார்த்தேன். தாவரப் பட்டையில் பதனிட்ட, மேல்பூச்சு இல்லாத கனமான தோல் அது. விளக்கெண்ணெய் போட்ட பக்கம் மேல்பரப்பை ஒட்டி மட்டும் கருத்த கோடு, அதற்குக் கீழே வெளிறிய காய்ந்த நார், மடக்கினால் நடுவில் இன்னும் விறைப்பு. டர்க்கி ரெட் போட்ட பக்கம் வெட்டு முகம் மேலிருந்து கீழ் வரை ஒரே நிறம், விரலால் மடக்கும்போது எந்த இடத்திலும் முரண்டு பிடிக்கவில்லை. விளக்கெண்ணெய் ரொம்பக் கெட்டி, வாசலிலேயே நின்றுவிடுகிறது. இது தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகிறது.

போடும் விதம் முக்கியம். ஒரு பங்கு எண்ணெய்க்குப் பத்துப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது, தாவரப் பதனீட்டுத் தோல் ஈரத்தில் 75, 80 டிகிரியிலேயே சுருங்கிவிடும், பழைய தோல் அதற்கும் முன்பே. முதலில் தோலைத் துடைத்து, லேசாக ஈரமாக்கி, அப்புறம் ஸ்பாஞ்சால் சதைப்பக்கத்தில், அதாவது தோலின் சொரசொரப்பான உள்பக்கத்தில், தாராளமாகவும் மேல்பக்கத்தில் மெல்லியதாகவும் தடவுங்கள். நிழலில் மெதுவாகக் காயவிட்டு, பாதி காய்ந்த நிலையில் கையால் மடக்கி மடக்கி நிமிர்த்த வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் பாதிப் பலன்தான். அவசரப்பட்டு ஒரேயடியாக அதிகமாகப் போட்டால் பிசுபிசுப்பு ஏறும், அதைப் போக்குவது பெரும்பாடு.

இனி குறைகள். வீட்டில் நாம் அமிலம் ஊற்றி நிலைநிறுத்துவதில்லை என்பதால், தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போன எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்தே வெளியே வரவும் செய்யும். நன்றாக நனைகிற பொருளுக்கு மேலே ஒரு மெழுகுப் பூச்சு கட்டாயம். அதேபோல் பிக்மென்ட் எனும் நிறப் பூச்சு கொடுத்த சோஃபா, கார் சீட், கண்ணாடிபோல் மினுங்கும் பேடன்ட் ஷூ எதிலும் இது இறங்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சாமல் முத்தாக நின்றால் இந்தப் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். ஸ்வேட் தோலில் கறை விழும். தாவரப் பதனீட்டுத் தோலின் நிறம் கொஞ்சம் அடர்ந்துபோகும், எண்ணெயில் காரம் தூக்கலாக இருந்தால் இன்னும் கருக்கும். அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் தாள் கையில் இருந்தால் கரைசலைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள், ஏழை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழோ இருந்தால் நிம்மதி.

மற்ற விதை எண்ணெய்களைப் பற்றியும் கேட்பீர்கள். ஆளி விதை எண்ணெயைத் தோலில் தடவாதீர்கள். அது காற்றில் உலர்ந்து கெட்டிப் படலமாகும் எண்ணெய், மரத்துக்கு அது வரம், மடங்க வேண்டிய தோலுக்கு எமன். இதுபோல மூலக்கூறில் நிறைய இரட்டைப் பிணைப்பு உள்ள எண்ணெய்களுக்குக் குரோம் தோலில், அதாவது குரோமிய உப்பால் பதனிட்ட தோலில், இன்னொரு சிக்கலும் உண்டு: அவை ஆக்சிஜனேற்றம் அடையும்போது தோலில் உள்ள மூன்றாம் நிலைக் குரோமியத்தில் கொஞ்சம் உடம்புக்குக் கெடுதலான ஆறாம் நிலைக்கு மாற வழிவிடும். நம் உடம்பில் படும் தோல் பொருட்களில் இந்த ஆறாம் நிலைக் குரோமியத்துக்கு ஐரோப்பாவில் 2015 முதல் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் விளக்கெண்ணெய் வகை நிதானமானது, எளிதில் உலராது.

மேல்பூச்சுக்கு எனக்குப் பிடித்தது ஹைட்ரஜன் ஏற்றிய விளக்கெண்ணெய் மெழுகு கலந்த க்ரீம். அதே விதை, ஆனால் 85 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும் கெட்டி மெழுகாகிவிடும். பசை இல்லாத மங்கலான பளபளப்பு கிடைக்கிறது. ஹொஹோபா விதை எண்ணெயும் நல்லது, ஒரு காலத்தில் தோல் மென்மைக்குப் பயன்பட்ட ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயின் இடத்துக்கு வந்த விதை அது. ஒரு விதை அந்த வேலையைச் செய்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

வாங்கும்போது லேபிளில் சல்பேட்டட் காஸ்டர் ஆயில் என்று இருக்கிறதா பாருங்கள். தண்ணீரில் கரையும் விளக்கெண்ணெய் என்ற பெயரில் பெக்-40 வகையும் கிடைக்கும், அது வேறு, வாசனைத் திரவியத்தைக் கரைக்க உதவுவது. குளியலுக்கென்று மணமும் நிறமும் சேர்த்த பாட்டிலையும் தவிர்த்துவிடுங்கள்.