பாதி விலைக்கு வந்த எஸ்இஓ கருவி: வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "அண்ணா, நீங்க வச்சிருக்கிற எஸ்இஓ டூல் வருஷச் சந்தா இப்பப் பாதி விலைக்குத் தர்றாங்க. எடுத்துரலாமுங்களா?" போனில் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. எங்கள் மரச்செக்கு எண்ணெய்க் கடையின் இணையதளத்துக்கு அந்தக் கருவியைச் சில வருடங்களாகவே பயன்படுத்துகிறேன். அதனால் முழுப் பதிலையும் எழுதிவிடுகிறேன். கருவியின் பெயர் வேண்டாம். கூகுள் தேடலில் நம் தளத்தை முன்னே கொண்டுவரும் வேலைதான் எஸ்இஓ. மக்கள் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுகிறார்கள் (கீவேர்டு), தளத்தில் என்ன கோளாறு (சைட் ஆடிட்), வேறு எந்தத் தளங்கள் நமக்கு இணைப்புக் கொடுக்கின்றன (பேக்லிங்க்) என்று இந்தக் கருவி காட்டும்.

முதல் நாளிலிருந்து இன்றுவரை என்னை எரிச்சலூட்டுவது ஒன்றுதான்: அதற்குத் தமிழ் தெரியாது. நாங்கள் விற்கும் பொருளையே மக்கள் எத்தனை விதமாகத் தட்டுகிறார்கள் பாருங்கள். மரச்செக்கு எண்ணெய், மரசெக்கு எண்ணெய், மரச்செக்கு எண்ணை, செக்கெண்ணெய். அப்புறம் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள் ஆளுக்கொரு விதம். கருவிக்கு இவை எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சொற்கள். பெரும்பாலானவற்றுக்கு எதிரே மாதத் தேடல் '0' என்று காட்டும். இந்த எண் கூகுளின் உள்கணக்கு இல்லை. விளம்பரம் கொடுப்பவர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் கீவேர்டு பிளானரின் தோராயத்தையும் வேறு இடங்களில் திரட்டிய தரவையும் வைத்துப் போடும் மதிப்பீடு, அவ்வளவுதான். 'எங்களிடம் தரவு இல்லை' என்று போட்டிருந்தால் கோபமே வந்திருக்காது. பூஜ்யம் என்று போட்டால், இதை யாருமே தேடவில்லை என்று நம்பி ஒரு வியாபாரி எழுதாமல் விட்டுவிடுவார்.

எழுதி முடித்த பக்கத்துக்குக் கருவி போடும் மதிப்பெண் அதைவிட மோசம். 'நல்லெண்ணெய்' என்பது கீவேர்டு என்றால், பக்கம் முழுக்க நல்லெண்ணெயில், நல்லெண்ணெயை, நல்லெண்ணெய்க்கு என்று எழுதியிருந்தாலும் 'முக்கியச் சொல் போதிய அளவு இல்லை' என்று சிவப்பு விளக்கு போடும். வேற்றுமை உருபு ஒட்டினால் அதற்கு அது வேறு சொல். பச்சை விளக்கு எரிய வேண்டுமென்றால் உருபைக் கழற்றிவிட்டு மொட்டையாக எழுத வேண்டும். அப்படி எழுதிய பக்கங்கள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன, வாய்விட்டுப் படித்தால் இரண்டு வரி தாண்டாது. நான் சிவப்பு விளக்கையே வைத்துக்கொள்கிறேன்.

இதற்கு நேர்மாறாக, காசே வாங்காத ஒன்று இருக்கிறது. கூகுள் சர்ச் கன்சோல். பழைய ஆட்கள் வெப்மாஸ்டர் டூல்ஸ் என்பார்கள். 2015-இல்தான் பெயர் மாறியது. அதில் 'குவெரீஸ்' பட்டியலைத் திறந்தால், எந்தெந்தச் சொல்லைத் தட்டியபோது நம் தளம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று வரிசையாக இருக்கும். 16 மாதத் தரவு கிடைக்கும். இந்த வருட மார்கழியைப் போன வருட மார்கழியோடு ஒப்பிட அது போதும்.

அந்தப் பட்டியலை முதன்முதலாக உட்கார்ந்து படித்தபோது கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் கேட்காத கேள்வி எல்லாம் அதில் இருக்கிறது. 'செக்கு எண்ணெயில் கலப்படம் கண்டுபிடிப்பது எப்படி' என்று கடைக்காரன் முகத்தைப் பார்த்துக் கேட்க யாருக்கும் மனம் வராது. தேடுபெட்டியில் கேட்டுவிடுகிறார்கள். 'நல்லெண்ணெயில் கருப்பட்டி எதற்குச் சேர்க்கிறார்கள்' என்று ஒருவர், 'செக்கு கடலெண்ணெய் பொங்கி நுரை வருவது ஏன்' என்று இன்னொருவர். கருவி பூஜ்யம் போட்ட சொற்கள்தான் எல்லாம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதினோம். கருப்பட்டி போடுவது ருசிக்கு மட்டுமில்லை, எள் செக்கில் ஆடும்போது பிண்ணாக்கு சேர்ந்து எண்ணெய் பிரிவதற்கும்தான் என்று படத்தோடு போட்டோம். நுரைக்குக் காரணம், சுத்திகரிக்காத எண்ணெயில் தங்கியிருக்கும் பிசினும் கொஞ்சம் ஈரமும்; சூடேறும்போது ஈரம் ஆவியாகிக் குமிழ் விடும், பிசின் அதை உடையாமல் பிடித்துக்கொள்ளும். ஆலைச் சுத்திகரிப்பில் அந்தப் பிசினை எடுத்துவிடுவதால் பாக்கெட் எண்ணெய் அவ்வளவு நுரைக்காது. கலப்படக் கேள்விக்கும் பூசி மெழுகவில்லை. வாசனையையும் நிறத்தையும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி, யாரிடம் வாங்கினாலும் லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண் இருக்கிறதா என்று பாருங்கள், எங்களிடம் வாங்கினாலும்தான் என்று எழுதினோம். இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் விலையைப் பேரம் பேசுவதில்லை. பாதிச் சந்தேகம் வருவதற்கு முன்பே தீர்ந்திருக்கிறது.

சரி, காசு கொடுத்த கருவிக்கும் நியாயம் சொல்ல வேண்டும். சைட் ஆடிட் அருமையான வேலை. தளத்தைப் புது சர்வருக்கு மாற்றியபோது, சோதனைக்காகப் போட்ட 'நோஇன்டெக்ஸ்' குறியை எடுக்காமலே விட்டுவிட்டார்கள். கூகுளே, இந்தப் பக்கங்களைப் பட்டியலில் சேர்க்காதே என்று நாமே எழுதி ஒட்டியதுபோல. மறுநாள் காலையிலேயே கருவி மின்னஞ்சலில் எச்சரித்தது. அன்று அது மட்டும் இல்லையென்றால் தீபாவளி வியாபாரம் போயிருக்கும். பக்கத்தின் இணைய முகவரி (யுஆர்எல்) நீளம் பற்றி அது நச்சரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. தமிழில் முகவரி வைத்தால் உள்ளுக்குள் அது ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியுமாக மாறி, ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்தாக விரியும்; 'க', உகரக் குறி என இரண்டு குறியீடு சேர்ந்த 'கு' போன்ற உயிர்மெய்க்கு 18. தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடும், நீளத் தலைப்பு பாதியில் அறுந்து நிற்கும். இப்போது நாங்கள் முகவரியை மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் வைக்கிறோம். போட்டிக் கடைகளின் பக்கங்களில் எது நன்றாக ஓடுகிறது என்று காட்டுவதும் பயன்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த ஒரு எச்சரிக்கை மின்னஞ்சலுக்கே முழுச் சந்தாவும் தகும். பாதி விலைக்கு வந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

ஆனாலும் நான் புதுப்பிக்கப் போவதில்லை. அண்மையில் அதில் ஏஐ எழுத்துப் பொத்தான் ஒன்று வந்திருக்கிறது. எங்கள் நுரைக் கேள்வியையே கொடுத்துப் பார்த்தேன். 'எண்ணெய் அதிகம் நுரைத்தால் அது கலப்படம்' என்று தமிழில் எழுதி, பக்கத்தில் பச்சை விளக்கும் போட்டது. செக்கு ஓட்டுகிற ஒவ்வொருவர் பிழைப்பிலும் மண் போடுகிற வாக்கியம் அது. நாங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய சரியான பதிலுக்குச் சிவப்பு, இதற்குப் பச்சை. எத்தனை கடைக்காரர்கள் அதை அப்படியே ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. என் காசு இனி அங்கே போகாது.

அதனால் தம்பி, வாங்க வேண்டாமுங்க. சர்ச் கன்சோலை இன்றைக்கே இணைத்துவிடுங்கள், தரவு இணைத்த பிறகுதான் சேர ஆரம்பிக்கும். கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரம் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் ஆலையின் நேரம், போன் நம்பர், புதுப் படங்கள் சரியாக இருக்கட்டும். 'டொமைன் அத்தாரிட்டி ஏற்றித் தருகிறோம்' என்று யாராவது கூப்பிட்டால் வைத்துவிடுங்கள். அது தளத்துக்குக் கருவிக்காரர்கள் போடும் மார்க், கூகுள் அதைப் பார்ப்பதில்லை. மெட்டா கீவேர்டு, அதாவது பக்கத்தில் வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்கும் சொல் பட்டியல், எழுதித் தருவதாகச் சொல்பவர்களும் அப்படித்தான். அதைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று 2009-லேயே கூகுள் சொல்லிவிட்டது.

எழுத வேண்டிய முதல் பக்கம் உங்களுக்குத் தயாராகவே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழிக் குளிரில் 'எண்ணெய் உறைந்துவிட்டது, கெட்டுப்போனதா' என்று தேடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் எங்கள் பட்டியலிலேயே வருகிறார்கள். நாங்கள் அதிகம் விற்பது கடலெண்ணெயும் நல்லெண்ணெயும். தேங்காய் எண்ணெய்க்கு நீங்கள் பதில் சொல்வதுதான் முறை. உறைந்த பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து இளக்குவதையும் படமெடுத்துப் போடுங்கள். கார்த்திகை பிறப்பதற்குள் ஏற்றிவிட்டால் நல்லது. எழுதி அனுப்புங்க, நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.