பைப்வயரும் கியூபிடபிள்யூகிராஃபும்: ஒரு மதிப்புரை

லினக்ஸ் கணினியில் உலாவியில் ஒலிக்கும் பாட்டை ஆர்டோர் பதிவு மென்பொருளின் ஒரு தடத்துக்குள் கொண்டுவர, சில ஆண்டுகளுக்கு முன்புவரை செயலிகளின் ஒலியை ஒலி அட்டைக்குக் கடத்தும் இரண்டு ஒலிச் சேவையகங்களுக்கு இடையே தூது போக வேண்டியிருந்தது. அன்றாடப் பயன்பாட்டுக்கான பல்ஸ்ஆடியோவும் இசைப்பதிவுக்கான ஜாக்கும் ஒரே ஒலி அட்டைக்குப் போட்டியிடும் என்பதால், முதலில் ஜாக்கை இயக்கி, பிறகு பல்ஸ்ஆடியோவில் அதற்கான இணைப்புக் கூறுகளை ஏற்றுவதே வழக்கம். வரிசை பிசகினால் உலாவி ஊமையாகிவிடும்.

ரெட் ஹாட் மென்பொருள் நிறுவனத்தின் விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் இந்தத் தூதையே தேவையற்றதாக்கிவிட்டது. இரண்டு சேவையகங்களின் வேடத்தையும் அதுவே போடுகிறது. பல்ஸ்ஆடியோவின் நிலையைக் கேட்கும் கட்டளையை முனையத்தில் இட்டால், சேவையகத்தின் பெயர் 'பல்ஸ்ஆடியோ', அதன் அருகிலேயே அடைப்புக்குறிக்குள் 'பைப்வயரின் மேல்' என்று வரும். உலாவிக்கோ ஆள் மாறிய செய்தியே தெரியாது. 2021-இல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் வெளியீடு இதை இயல்பிருப்பாக்கியது; 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது.

ஒலியின் வழியைக் கண்ணால் பார்த்து மாற்றக் கியூபிடபிள்யூகிராஃப் என்ற செயலி போதும்; ஒவ்வொரு மென்பொருளையும் அது ஒரு பெட்டியாகக் காட்டும். உலாவியின் பெட்டியில் வலப்புறமுள்ள இரு முனைகளிலிருந்து ஆர்டோர் தடத்தின் இடப்புற முனைகளுக்குச் சுட்டியால் இழுத்தால் இரண்டு கம்பிகள் விழுகின்றன. ஒலிபெருக்கிக்குப் போகும் பழைய கம்பிகள் அப்படியே நிற்பதால், கேட்டுக்கொண்டே பதியலாம். உலாவித் தாவலை மூடினால் பெட்டியும் கம்பிகளோடு மறைந்துவிடும் என்பதால், இணைப்புகளைக் கோப்பாகச் சேமித்து, அவற்றைத் தானாக மீண்டும் போடும் இணைப்புப் பலகை வசதியை முடுக்கிவைப்பது அவசியம். அந்த வசதியும் இச்செயலி ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் வேலை செய்யும்.

தாமதத்தில்தான் கவனம் தேவை. 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகளில், ஒரு தவணைக்கு இயல்பான 1,024 மாதிரிகள் என்பது ஏறத்தாழ 21 மில்லிநொடி. பாட்டுக் கேட்கத் தாராளம், கிடார் வாசித்தபடி தன் ஒலியையே கேட்பவருக்கு எரிச்சல். 128 ஆக்கினால் மூன்று மில்லிநொடிக்கும் கீழே இறங்கும். ஆனால் ஒரே ஒலி அட்டையில் இணைந்த செயலிகளுள் மிகக் குறைந்த அளவைக் கேட்பதன் வேகத்துக்கே மற்றவையும் ஓட வேண்டியிருப்பதால், சும்மா பாடிக்கொண்டிருக்கும் உலாவியும் சேர்ந்து மூச்சுவாங்கும். பழைய மடிக்கணினியில் ஒலி 'படபட'வென வெடிக்கவும் கூடும். இவ்வளவு முக்கியமான இந்த எண்ணை மாற்ற, கம்பி இழுக்கும் அதே சாளரத்தில் இடமில்லை. அமைவுக் கோப்பையோ முனையத்தையோ திறந்தாக வேண்டும். ஐந்தில் ஒரு மதிப்பெண்ணை நான் குறைப்பது இதற்காகவே.